ஓட்டைக்குத்தான் காசு

மலையில் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர் பெரும்பாலும் உட்காருவதில்லை. இருக்கை என்று ஒன்று இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது பயன்படும். குல்மார்க்கில் சுற்றுலாப் பயணியாக ஓட்டுநருக்குப் பின்னால் சொகுசாக உட்கார்ந்து போனவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ அமெரிக்காவின் ராக்கி மலைகளிலோ இடுப்பளவு புதுப்பனியில் ஏறுகிறவர் நின்றுகொண்டேதான் ஓட்டுகிறார். சரிவின் குறுக்கே போகும்போது மேட்டுப் பக்கம் தாவி நிற்பார். சில சமயம் இரண்டு கால்களையும் ஒரே பக்கத்தில் ஊன்றி, இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை உடம்பைச் சாய்த்தே திருப்புவார். ஹேண்டில்பார் பிடிமானத்துக்கு, வண்டியைத் திருப்புவதில் பாதி வேலை காலுக்கு. அந்தக் கால் நிற்பது, ஒரு சாண் அகலம்கூட இல்லாத நீளமான அலுமினியப் பலகையின் மேல். ரன்னிங் போர்டு என்பார்கள். இந்த அத்தியாயத்தில் மிதிபலகை என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

கம்பெனி கொடுத்த மிதிபலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சில நூறு டாலர் செலவழித்து வெளியே வேறொன்று வாங்கி மாட்டுகிறவர்கள் அந்த மலைப்பகுதிகளில் நிறைய உண்டு. விற்பவர்கள் எடையைச் சொல்லி விற்கிறார்கள்: பழையதைவிட இத்தனை கிராம் குறைவு என்று. வாங்குகிறவர்களும் தராசில் வைத்துப் பார்த்து மகிழ்கிறார்கள். என் கணக்கில் இது தவறான தராசு. மிதிபலகையில் காசு பெறும் பொருள் அதில் இல்லாத அலுமினியம், அதாவது ஓட்டை. அது எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது, விளிம்பு எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது, இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே எவ்வளவு உலோகம் மிச்சம் என்பதைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவதில்லை. ஏன் என்று புரிந்துகொள்ளப் பனியின் இயற்பியலும் உத்திரத்தின் கணக்கும் கொஞ்சம் வேண்டும்.

முதலில், நின்று ஓட்டும் வழக்கம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே 1930களில் செய்தது, ஏழு பேர் உள்ளே உட்கார்ந்து போகும் மூடிய பனிவண்டி. 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்ன மகன் நோய்வாய்ப்பட்டு, பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இறந்துபோனான். பனியில் ஓடும் வண்டி அதன் பிறகு அவருக்கு வெறும் பொழுதுபோக்கு யோசனையாக இருக்கவில்லை. ஒருவரோ இருவரோ ஏறும் சிறிய ஸ்கீ-டூ 1959இல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மின்னசோட்டா மாநிலத்தின் ரோசோ என்ற சிற்றூரில் போலாரிஸ் கம்பெனி பிறந்திருந்தது. இவை எல்லாமே சமதளத்தில், உறைந்த ஏரிகளின் மேல், உட்கார்ந்து ஓட்டுவதற்கான வண்டிகள். 2003 மாடலாக வந்த ஸ்கீ-டூவின் ரெவ் சட்டகம் ஓட்டுநரை முன்னால் நகர்த்தி, உட்கார்ந்தபடியிருந்து சட்டென்று எழுந்து நிற்க ஏதுவாக்கியது. அதன் பிறகு மலை வண்டிகள் வேகமாக மாறின. இன்று மலை வண்டியின் டிராக், அதாவது வண்டியை உந்தும் ரப்பர் பட்டை, 154 முதல் 175 அங்குலம் வரை சுற்றளவு, 15 அல்லது 16 அங்குல அகலம். அதிலுள்ள ரப்பர் துடுப்புகள் இரண்டரை, மூன்று அங்குல உயரம். எஞ்சின் 165 குதிரைத்திறன் அளவில். இத்தனையும் ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இருப்பதற்கு அவருடைய கால் வழுக்காமல் இருக்க வேண்டும்.

வழுக்குவதற்கான ஏற்பாட்டை வண்டியே செய்துகொள்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

காரில் ரேடியேட்டர் முன்னால் காற்றுபட நிற்கும். ஸ்னோமொபைலில் அந்த வேலையைச் செய்வது டன்னல். டிராக்கின் மேல் கவிழ்த்துவைத்த நீள அலுமினியக் கூடு அது. இருக்கையும் மிதிபலகைகளும் அதில்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. டன்னலின் உட்பக்கம் வெப்பமாற்றிகள் இருக்கும். எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய கூலண்ட் அவற்றின் வழியே ஓடும். டிராக் வாரி இறைக்கும் பனி அவற்றில் மோதி உருகும்போது எஞ்சின் குளிர்கிறது. பனி இறைபடாத இறுகிய பாதையில் எஞ்சின் கொதித்துவிடும் என்பதால், தரையைப் பிறாண்டிப் பனித்தூளைக் கிளப்புவதற்கென்றே ஸ்கிராச்சர் என்ற கம்பிகளை மாட்டிவைத்திருப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூலண்ட் வழியாக 20 கிலோவாட் வெப்பம் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும். ஆக, நொடிக்கு 60 கிராம், நிமிடத்துக்கு மூன்றரை கிலோவுக்கும் மேல் பனி தண்ணீராகிறது. பெரும்பகுதி டிராக்கோடு பின்னால் போய்விடும். கொஞ்சம் பக்கவாட்டில் சிதறி, மைனஸ் 15 டிகிரியில் கிடக்கும் மிதிபலகையின் மேல் விழும். அலுமினியம் வெப்பத்தை மின்னல் வேகத்தில் கடத்துகிற உலோகம். துளி பரவி வழிவதற்குள் உறைந்துவிடுகிறது. இப்படி உலோகத்தை ஒட்டிப் படியும் மெல்லிய பனிக்கட்டிப் படலம்தான் எல்லாத் தொல்லைக்கும் அஸ்திவாரம். அதற்கு மேல் வந்து விழும் தூள்பனி உலோகத்தில் ஒட்ட வேண்டியதில்லை. தன் இனத்தோடு ஒட்டினால் போதும்.

பனி பனியோடு ஏன் ஒட்டுகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய மூளைகள் மோதிக்கொண்ட கேள்வி இது. 1850இல் மைக்கேல் ஃபாரடே, உருகும் நிலையிலிருக்கும் இரண்டு பனிக்கட்டிகளைச் சேர்த்து வைத்தால் அவை ஒன்றாகிவிடுவதைக் காட்டி, பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய திரவப் படலம் இருக்கிறது, இரண்டு கட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்போது அது உறைந்துவிடுகிறது என்று விளக்கினார். ஜேம்ஸ் தாம்சனுக்கு வேறு விளக்கம் இருந்தது. அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும் என்று அவர் 1849இல் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். அவருடைய தம்பி வில்லியம், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, அடுத்த ஆண்டே சோதனையில் அதை உறுதிசெய்தார். அழுத்தும்போது தொடுமிடம் உருகுகிறது, அழுத்தம் நீங்கியதும் உறைகிறது, அதனால்தான் ஒட்டுகிறது என்பது தாம்சன் கட்சி.

நம் பள்ளிப் பாடங்களில் எடை தொங்கவிட்ட மெல்லிய கம்பி பனிக்கட்டிப் பாளத்தை அறுத்துக்கொண்டு இறங்கும் சோதனை வழியே தாம்சன் கட்சிதான் அதிகம் பிரபலம். மிதிபலகை விஷயத்தில் அது செல்லாது. 90 கிலோ எடையுள்ள ஆள் தன் முழு பாரத்தையும் ஒரே பூட்ஸில், 200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஊன்றினால் அழுத்தம் அரை வளிமண்டலத்துக்கும் குறைவு. ஒரு வளிமண்டல அழுத்தம் உருகுநிலையைக் குறைப்பது 0.0074 டிகிரிதான். ஆக, பூட்ஸ் மிதிப்பால் உருகுநிலை இறங்குவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. மைனஸ் பத்தில் கிடக்கும் பனிக்கு இது உறைக்கவே உறைக்காது. ஃபாரடே சொன்ன படலம் உண்மையிலேயே இருக்கிறது என்பதை எக்ஸ்-கதிர் போன்ற கருவிகளோடு ஆய்வாளர்கள் உறுதிசெய்ய நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. உருகுநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேல்தோலில் உள்ள மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி நிற்பதில்லை, நழுவித் திரிகின்றன. இரண்டு பனித்துகள்கள் தொட்டுக்கொண்டால், மூலக்கூறுகள் பரப்பின் வழியாகவும் நீராவியாகவும் நகர்ந்து தொடுமிடத்தில் ஒரு கழுத்து வளர்கிறது. மிதி இதற்குச் செய்யும் உதவி, துகள்களை நெருக்கித் தொடுமிடங்களைப் பெருக்குவது. நொறுங்கிய படிகங்களின் நடுவே புதிய கழுத்துகள் வளர்ந்து, கால்மணி நேரத்தில் தூள் பாறையாகிறது.

இந்த வளர்ச்சி வெப்பநிலையைப் பொறுத்தது. மைனஸ் மூன்றில் பனி பிசினாக ஒட்டும். மைனஸ் இருபதில் உலர்ந்த மணலாக உதிரும். மிதிபலகை தேர்வில் நீங்கள் ஓட்டும் மலை எது என்ற கேள்வி முதலில் வருவது இதனால்தான். பசிபிக் கடலோரத்தை ஒட்டிய காஸ்கேட் மலைகளில் பனி ஈரமும் கனமுமாக, உருகுநிலைக்குப் பக்கத்திலேயே விழுகிறது. உள்நாட்டில் யூட்டாவின் வாசாட்ச் மலைகளில் விழும் பனியில் தண்ணீரின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டுக்கும் நடுவே பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் வட்டாரம் இருக்கிறது. அளவைப் பற்றி அங்கே குறையே சொல்ல முடியாது. ஊருக்கு அருகிலுள்ள கோப்லேண்ட் மலையில் 1971–72 குளிர்காலத்தில் 24 மீட்டருக்கு மேல் பனி விழுந்தது கனடாவின் சாதனை.

இப்போது எடைக் கணக்குக்கு வருவோம். ஒரு பலகையில் கால் புழங்கும் பகுதி ஒரு மீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்ளுங்கள். அதன் மேல் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மிதிபட்ட பனி. மிதிபட்ட பனியின் அடர்த்தி கனமீட்டருக்கு 400 கிலோ என்று வைத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பதரை கிலோவுக்கு மேல் வருகிறது. புதிய பலகை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்படும் எடை ஒன்றிரண்டு கிலோ. அதைக் கொண்டாடிவிட்டு இந்த ஒன்பதரையைச் சுமந்துகொண்டு திரிவதில் அர்த்தமில்லை.

எடையைவிட மோசமானது அந்தப் பனியின் வடிவம். அது சமமாக அமர்வதே இல்லை. டன்னலை ஒட்டிய பக்கம் உயரமாகவும் வெளிவிளிம்பை நோக்கித் தாழ்ந்தும் ஒரு சரிவு உருவாகிறது. பூட்ஸின் குதிகால் திரும்பத் திரும்ப விழும் இடம் குழிந்து வழவழப்பாகிவிடும். ஓட்டுநர் நிற்பது அலுமினியத்தின் மேலல்ல, வெளியே தள்ளிவிடும் ஒரு சறுக்குப் பலகையின் மேல். ஈரமான பனிக்கட்டியில் ரப்பரின் உராய்வுக் குணகம் 0.1 அளவுக்கு இறங்கிவிடும். 35 டிகிரி சாய்வில் நழுவாமல் நிற்க உராய்வு மட்டுமே துணை என்றால் குணகம் 0.7 வேண்டும். எவ்வளவு நல்ல ரப்பர் வாங்கினாலும் இந்த இடைவெளியை அடைக்க முடியாது. பிடிப்பு வேண்டுமென்றால் ஏதோ ஒன்று பூட்ஸின் அடியில் குத்தி மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஓட்டைகளின் முதல் வேலை பனியைக் கீழே தள்ளுவது. இரண்டாவது வேலை, தன் விளிம்பால் பூட்ஸைப் பிடிப்பது. நல்ல மிதிபலகையில் ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பும் மேல்நோக்கி மடிக்கப்பட்டு, பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் நம் வீட்டுக் கேரட் துருவியைப் பெரிதாக்கி வைத்ததுபோலத் தெரியும். வேலையும் ஏறத்தாழ அதேதான்: மேலிருந்து அழுத்தும் பொருளை விளிம்பு வெட்டுகிறது, வெட்டியது ஓட்டை வழியாகக் கீழே விழுகிறது. பூட்ஸ் மிதிக்க மிதிக்கப் பலகை தன்னைத்தானே துப்புரவு செய்துகொள்கிறது.

அளவு இங்கே முக்கியம். சிறிய ஓட்டையின் மேல் பனி பாலம் கட்டிக்கொள்ளும். காரணம் எளிய வடிவியல். ஓட்டை வழியாகப் பனியைத் தள்ளும் விசை ஓட்டையின் பரப்பைப் பொறுத்தது; அதை விழாமல் பிடித்துவைப்பது ஓட்டையின் சுற்றளவு. ஓட்டையின் அகலத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், சுற்றளவு இரண்டு மடங்குதான் ஆகும். ஆக, ஒரே பரப்பை நூறு சின்ன ஓட்டைகளாகப் போடுவதும் பத்துப் பெரிய ஓட்டைகளாகப் போடுவதும் ஒன்றல்ல. விளம்பரத்தில் "திறந்த பரப்பு இத்தனை சதவீதம்" என்று போட்டிருந்தால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஓட்டைகளுக்கு இடையிலுள்ள உலோகப் பட்டையின் அகலத்தையும் பாருங்கள். அகலமான தட்டையான பட்டை இருந்தால் பனி உட்கார அதுவே திண்ணை.

அப்படியானால் முழுக்க ஓட்டையாகவே வைத்துவிடலாமே என்று தோன்றும். குழாய்ச் சட்டம் போட்டு நடுவில் சில குறுக்குப் பட்டைகளோடு விட்டுவிடும் பலகைகளும் கிடைக்கின்றன. பனி நிற்காது என்பது சரி. ஆனால் ஆழமான பனியில் ஓடும்போது கீழிருந்தும் பனி மேலே பொங்கிவரும். தாவி இறங்கும் கால் பட்டையைத் தவறவிட்டால் குதிகால் உள்ளே போய்ச் சிக்கும். மலையேற்றத்தில் சிக்கிய கால் முறிவதற்கு அதிக நேரம் ஆகாது. பூட்ஸின் நீளத்துக்குள் எந்தக் கோணத்தில் வைத்தாலும் குறைந்தது இரண்டு பட்டைகள் அகப்பட வேண்டும் என்பது நான் ஏற்கும் விதி.

முன்னால், கால்விரல் நுழையும் கொக்கிப் பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். செங்குத்தாக ஏறும்போது உடம்பு பின்னால் போகாமல் இருக்க ஓட்டுநர் விரல்பகுதியை அந்தக் கொக்கிக்கு அடியில் செருகிக்கொள்வார். மூன்று பக்கமும் அடைபட்ட குகை அது. உள்ளே போன பனிக்கு வெளியேற வழி கிடையாது. அரைமணி நேரத்தில் நிறைந்துவிட்டால் கால் உள்ளே போகாது. பலகையின் நடுப்பகுதியில் எவ்வளவு அழகான வேலைப்பாடு இருந்தாலும், கொக்கியின் கீழே அடிப்பகுதி மூடியிருந்தால் அதை வாங்க வேண்டாம்.

அடுத்தது வலிமை. மிதிபலகையின் உள்விளிம்பு டன்னலில் ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். வெளிவிளிம்பு முன்னாலும் பின்னாலும் மட்டும் தாங்கலோடு நடுவில் அந்தரத்தில் நிற்கும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து வண்டியோடு குதிக்கும் 90 கிலோ ஆளின் உடம்பு, சஸ்பென்ஷனும் முழங்காலும் சேர்ந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தப்படுகிறது என்றால், அந்த நேரத்தில் பலகை தாங்குவது சராசரியாக 390 கிலோ எடைக்குச் சமமான விசை. ஒற்றைக் காலில் விழுந்தால் அவ்வளவும் ஒரே பலகைக்கு.

தட்டையான தகடு இதைத் தாங்காது. 100 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட அலுமினியப் பட்டையை எடுத்துக்கொள்வோம். வளைவை எதிர்க்கும் வடிவத் திறனைப் பொறியாளர்கள் அளக்கும் கணக்கில் அதற்கு 67 வருகிறது. 25 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட குழாய்க்கு அதே கணக்கில் 9,600க்கு மேல். குழாயில் இருக்கும் உலோகம் பட்டையில் இருப்பதைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைவு; விறைப்போ 140 மடங்குக்கும் அதிகம். உலோகத்தை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவுக்கு வளைவை எதிர்க்கும் என்ற ஒரே தத்துவம்தான். வெளிவிளிம்பில் குழாயோ பெட்டி வடிவ வார்ப்போ இல்லாத பலகை, எவ்வளவு மலிவானாலும், ஒரு பருவத்தில் தொங்கிப்போகும். மரக்கட்டையிலோ பாறையிலோ அடிபட்டால் மேல்நோக்கி மடங்கும். அதை நிமிர்த்தி நிமிர்த்தி ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு நிமிர்த்தலும் விரிசலுக்கு அழைப்பு.

விரிசல் எங்கே தொடங்கும்? ஓட்டையில்தான். 1898இல் ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் குஸ்தாவ் கிர்ஷ் ஒரு கணக்கைத் தீர்த்துக் காட்டினார்: இழுக்கப்படும் அகன்ற தகட்டில் ஒரு வட்ட ஓட்டை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு மற்ற இடத்தைப் போல் மூன்று மடங்கு. ஓட்டையின் அளவு எதுவானாலும் அதே மூன்று. மூலை கூராக இருந்தால் இன்னும் ஏறும். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை ஆட்டினாலும் களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட பத்திரமான வரம்பு கிடையாது. சிறிய ஆட்டமாக இருந்தாலும் எண்ணிக்கை சேரச் சேர ஒருநாள் விரிசல் விடும். எஞ்சின் அதிர்வில் ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் ஆட்டம் என்று யோசித்தால், ஓட்டையின் மூலை உருண்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும். தடவிப் பாருங்கள். சதுர மூலைகள் பார்வைக்கு எடுப்பாக இருக்கும், நீடிக்காது. விளிம்பை மடிப்பது பிடிப்புக்கு மட்டுமல்ல, விறைப்புக்கும் உதவும். விமான இறக்கையின் உள்விலா எலும்புகளில் எடை குறைக்க இடும் ஓட்டைகளை இப்படித்தான் மடிக்கிறார்கள்.

சரிவின் குறுக்கே போகும்போது வேறொரு கணக்கு வருகிறது. டிராக்கின் ஓரத்தைத் தாண்டி மிதிபலகை 15 சென்டிமீட்டர் வெளியே நீள்கிறது, டிராக்கின் அடியிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். டிராக் பனியில் 25 சென்டிமீட்டர் புதைந்திருக்கும்போது பலகைக்கும் பனிக்கும் மிச்சம் 10 சென்டிமீட்டர். வண்டியை 34 டிகிரி சாய்த்ததுமே பலகையின் ஓரம் பனியைத் தொட்டு உழத் தொடங்கும். உழுதால் வேகம் போகும், வண்டி நிமிரும், சரிவில் கீழே இழுக்கும். பலகையை 4 சென்டிமீட்டர் குறுக்கினால் அந்த எல்லை 42 டிகிரிக்குப் போகிறது. நாலு சென்டிமீட்டருக்கு எட்டு டிகிரி, நல்ல பேரம்தான். ஆனால் பெரிய பூட்ஸ் போடுகிறவருக்குப் பாதி கால் வெளியே தொங்கும். பின்பகுதி குறுகி, நிற்கும் இடம் மட்டும் அகலமாக இருக்கும் வடிவம் இந்த இழுபறிக்கு நியாயமான தீர்வு. கூட்டாளி வாங்கினார் என்று வாங்காமல், உங்கள் பூட்ஸோடு கடைக்குப் போய் வைத்துப் பார்ப்பது உத்தமம்.

அலுமினியத்தைத் தவிர வேறு பொருள்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஃகு மூன்று மடங்கு கனம். டைட்டானியம் அருமையான உலோகம்தான், ஆனால் இந்த வேலைக்கு அந்த விலை வீண். பிளாஸ்டிக்கில் பனி குறைவாக ஒட்டும், விறைப்பு போதாது. கார்பன் இழையில் செய்தவை பார்வைக்கு அசத்தும், பாறையில் அடிபட்டால் மடங்காது, பிளந்துவிடும். மடங்கிய அலுமினியத்தில் வீடு வந்து சேரலாம். கறுப்புப் பூச்சு வேண்டுமா என்று கேட்பார்கள். வெயிலில் அது பனியை இளக்கும், நிழலுக்குள் நுழைந்ததும் இளகியது கட்டியாகும். மார்ச், ஏப்ரலில் ஓட்டுகிறவர்களுக்கு இது உபத்திரவம். பலகையின் மேல் சமையல் எண்ணெயோ சிலிக்கோனோ தெளித்துவிட்டால் பனி ஒட்டாது என்று ஒரு கைவைத்தியம் உலவுகிறது. உண்மைதான், சில நிமிடங்களுக்கு ஒட்டாது. பூட்ஸும் ஒட்டாது.

மாட்டும் வேலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பழைய பலகையின் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்க வேண்டும். சில மாடல்களில் கூலண்ட் செல்லும் வெப்பமாற்றி பலகையை ஒட்டியே ஓடும். துளைப்பான் அரை அங்குலம் கூடுதலாக இறங்கினால் பலகைச் செலவோடு வெப்பமாற்றிச் செலவும் சேரும். துளைப்பான் முனையில் ஒரு நிறுத்தி மாட்டிக்கொள்வது பத்து நிமிட வேலை. பற்றவைப்பதைத் தவிருங்கள். 6061-டி6 என்ற வகை அலுமினியக் கலவையின் வலிமை வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. பற்றவைக்கும் சூட்டில் ஓரங்களில் அந்தப் பதம் பெருமளவு போய்விடும். அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டால் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடக்கும். வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு உப்புத் தூவிய நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இது சீக்கிரமே தெரியவரும். போல்ட்டைச் சுற்றிக் கொஞ்சம் பூச்சுப் பசை தடவி மாட்டினால் பல ஆண்டுகள் தாங்கும். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டி என்றால் டன்னலில் கைவைக்கும் முன் டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எல்லாம் சொன்ன பிறகு ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. வெளியே விற்பவர்களைப் பார்த்து அவர்களும் ஓட்டைகளைப் பெரிதாக்கி, விளிம்பை மடித்து, பற்கள் வைத்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் பழைய வண்டி வைத்திருப்பவர், அதிலும் காஸ்கேட் மாதிரி ஈரப்பனியில் ஓட்டுகிறவர், மிதிபலகையை மாற்றினால் முதல் நாளே வித்தியாசம் தெரியும். வாசாட்சின் உலர்பனியில் புது வண்டி ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியாது. புது வண்டி வாங்கியவர்கள் முதல் குளிர்காலத்தைக் கம்பெனி பலகையிலேயே கழித்துவிட்டு, எங்கே பனி சேர்கிறது, எங்கே கால் வழுக்குகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு அப்புறம் கடைக்குப் போகலாம். மாற்ற வேண்டியதில்லை என்று தெரிந்தால், அந்தப் பணத்தை அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு வகுத்த பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலைக்குக் கட்டிவிடுங்கள். மலை வண்டிகள் விரும்பி ஏறும் 30 முதல் 45 டிகிரி சரிவுகள்தான் பனிச்சரிவுகள் அதிகம் கிளம்பும் சரிவுகளும்.